பூனைகளோடு வந்த நர்ஸம்மா

போளூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா, ஆரணியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த தன் தம்பியோடு இருக்க வந்து சேர்ந்தார். ஒல்லியான உடம்பு, இறுக்கி முடிந்த நரைத்த கொண்டை. கூடவே வாசலைத் தாண்டிப் பழகாத இரண்டு பூனைகள்.

தறியில் ஏற்றிய பட்டுப் பாவு இழைகளைப் பூனைகள் பிறாண்டிவிடும் என்று தம்பி மனைவி பயந்தாள். அதனால் நர்ஸம்மா தன் அறையிலேயே பழைய போர்வையை விரித்து அவற்றை வைத்துக்கொண்டார். தட்டை எடுத்துப் போய் அங்கேயே சாப்பிட்டார்.

"பாவம் இல்லீங்களா, அடைச்சி வெச்சிகினு?" என்று கேட்டேன்.

"புது எடம்மா. மொதல்ல இந்த ரூம் பழகட்டும். அப்புறம் வீடு தானா பழகிடும்."

தம்பி தறி அறைக்குக் கதவு போட்டார். மழைக்காலம் முடிவதற்குள் பூனைகள் தம்பி மனைவியின் மடியில் தூங்க ஆரம்பித்தன. அவள் எத்தனையோ முறை கூப்பிட்டும், நர்ஸம்மா மட்டும் தன் அறையிலேயே தனியாகச் சாப்பிட்டார்.