ஏழாவது தவசு

எனக்கு ஞானஸ்நானம் கிடைத்தது முப்பத்தொரு வயதில், மன்னார்ப் பக்கம் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் ஒரு வாடியில் வேலை செய்த காலத்தில். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வாடியில் இருந்த எல்லோரும் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள். வெளுத்த உடுப்புப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார்கள். கருவாட்டையும் காகங்களையும் பார்த்துக்கொண்டு தனியே கிடக்க எனக்கு அலுத்துப்போயிற்று. நானும் போனேன். போகப் போகப் பிடித்தது. அது விசுவாசமா, தனிமையா என்று யாரும் அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போதும் தெரியாது.

பிறந்தது யாழ்ப்பாணத்தில் இணுவில் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு தோட்ட வேலை, மேசனுக்குக் கையாள், வவுனியாவில் அரிசி ஆலை, மன்னாரில் கருவாடு. ஓரிடத்தில் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. ஆனால் வாசிக்க வரும், குரலும் இருந்தது. ஊர்க் கோயிலில் புராணம் படிக்க ஆள் குறைந்தால் சின்ன வயதிலேயே என்னைக் கூப்பிடுவார்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார், இன்னொருவர் பொருள் சொல்வார். படிப்பவருக்குத் தொண்டை அடைத்தால், பக்கத்தில் இருப்பவர் அந்த அடியிலிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும். பாட்டை அந்தரத்தில் நிற்க விடக்கூடாது. அங்கே அதுதான் மரியாதை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மன்னாரை விட்டு யாழ்ப்பாணம் திரும்பிய வருடம், கரையோரத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் நண்டு வாடி ஒன்றில் வேலை கிடைத்தது. வலையிலிருந்து நண்டு கழற்றுவது, தரம் பிரிப்பது, ஐஸ் போடுவது. விரல்கள் எப்போதும் வெட்டுப்பட்டிருக்கும். படுக்க வாடியிலேயே இடம் தந்தார்கள். நான் போய்ச் சேர்ந்து மூன்று கிழமையில் தவசு காலம், உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு, தொடங்கிற்று.

அந்தப் பங்கில் தவசுகால வெள்ளிகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் பசாம் படிப்பார்கள். ஆண்டவருடைய பாடுகளைப் புலம்பல் இராகத்தில், பகுதி பகுதியாக. பெரிய வெள்ளியன்று தொடக்கத்திலிருந்து முழுவதும் படிக்கப்படும். சனங்கள் நிலத்தில் இருந்து கேட்பார்கள்.

படிப்பவர் ஒரு கடற்றொழிலாளி. ஐம்பது வயது இருக்கும். அவருடைய குரலைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும்: எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி போல இருக்கும். வாடியில் வேலை செய்த பெண்கள் வெள்ளி மத்தியானமே தொடங்கிவிடுவார்கள்.

"இண்டைக்கும் அண்ணை படிக்கப் போறார். பஞ்சு இருந்தாக் கொண்டு வாடி, காதுக்குள்ள வைக்க."

"சும்மா இரடி. ஆண்டவர் பட்ட பாட்டை நாங்களும் கொஞ்சம் படவேணும்தானே."

ஆனால் அந்த மனிதரை ஒருவரும் வெறுத்ததாகத் தெரியவில்லை. தவசு தொடங்கினால் அவர் செருப்புப் போடமாட்டார், சவரம் செய்யமாட்டார், தான் பிடித்த மீனைத் தான் தின்னமாட்டார். வலை இழுக்கும்போதும் அடுத்த வெள்ளிக்கான பகுதியை முணுமுணுத்துக்கொண்டிருப்பார் என்று அவரோடு கடலுக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். ஒரு நாள் பின்னேரம் வலைகளுக்கு நடுவில் பசாம் எழுதிய கொப்பியை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்ததை நானே கண்டேன். ஒரே வரியை ஆறேழு தரம் படித்தார். ஆறாவது தரமும் முதலாவதைப் போலத்தான் இருந்தது. மனிதருக்கு ஏன் இவ்வளவு என்று எனக்கு விளங்கவில்லை.

மைக் தாங்கியின் கழுத்து உடைந்திருந்தது. யாராவது கையில் பிடிக்க வேண்டும். "நீர் சும்மாதானே நிக்கிறீர்" என்று பங்குச் சபைக்காரர் ஒருவர் என்னிடம் தந்தார். அப்படித்தான் நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே நின்றால் கொப்பியில் இருக்கும் வரிகள் என் கண்ணுக்கும் தெரியும்.

பெரிய வெள்ளிக்கு முந்திய வெள்ளி அது. சிலுவை சுமந்து போகும் மகனைத் தாய் வழியில் சந்திக்கிற இடம். அவர் ஒரு வரியின் பாதியில் நின்றார். தொண்டை அசைந்தது, சத்தம் வரவில்லை. கோயில் அமைதியாக இருந்தது. சங்கடமான அமைதி என்று நான் நினைத்தேன். மைக்கை என் பக்கம் திருப்பி, அந்தப் பாதியிலிருந்தே எடுத்தேன்.

யோசிக்கவில்லை. பழக்கம். பாட்டு அந்தரத்தில் நின்றது, நான் பிடித்தேன்.

கோயில் கூரை நல்ல உயரம். என் குரல் மேலே போய்த் திரும்பி வந்தது எனக்கே கேட்டது. முன்வரிசையில் ஒரு பெண் அழத் தொடங்கினார். பிறகு பலர். பகுதி முடியும்வரை நானே படித்தேன். உண்மையைச் சொன்னால், நான் அழவில்லை. தாயைப் பற்றியும் மகனைப் பற்றியும் நினைக்கவில்லை. அடுத்த வரியில் எங்கே மூச்செடுப்பது என்று மட்டும் நினைத்தேன். அவர் கொப்பியை எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் வாடியில் என் பெயர் பாட்டுக்காரர் ஆகிவிட்டது.

"சைவக் கோயில்காரர் பழக்கின தொண்டை. எங்களுக்கு வந்து சேர்ந்திட்டுது, பாருங்கோ."

"பாட்டுக்காரர், கவனம். நண்டு கடிச்சா அதையும் இராகத்தோடை சொல்லும்."

சபைக்காரர் வந்து, பெரிய வெள்ளிக்கு நீரே படியும் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓரிடத்தில் என்னைத் தேவை என்று யாரும் சொல்லிப் பல காலம்.

அன்று பின்னேரம் பசாம் படிக்கிறவருடைய மனைவி வாடி வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"தம்பி, உமக்குக் குரல் இருக்கு. அது ஆண்டவர் தந்தது, நான் குறை சொல்லேல்லை. ஆனா இந்த மனிசன் ஆறு தவசு ஒரு வெள்ளி விடாமல் தன்ரை வாயால படிச்சவர். காய்ச்சலோடை படிச்சவர். தாய் செத்த கிழமையும் படிச்சவர். இது ஏழாவது. இன்னும் ஒரு வெள்ளிதான் கிடந்தது."

நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். அவர் மிச்சத்தையும் சொன்னார். மகளுக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. பிறகு மாதத்துக்கு இரண்டு தரம், மூன்று தரம். தகப்பன் நேர்த்தி வைத்தார்: ஏழு தவசு, எல்லா வெள்ளியும், வேறொருவர் வாய் படாமல் தானே பசாம் படிப்பதாக. முதல் தவசு முடிந்த பிறகு மகளுக்கு ஒருக்காலும் வரவில்லை. இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள்.

"அந்த இடத்தில அவர் ஒவ்வொரு வருஷமும் நிப்பார். பிள்ளை முதல் விழுந்தது ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும். சனத்துக்குத் தெரியும், பாத்துக்கொண்டு இருக்கும். உமக்குத் தெரியாது, ஓம். ஆனா இனி என்ன செய்யிறது? பிள்ளை பலாலி ரோட்டில பஸ்ஸிலை போய் வாறவள். வழியிலை விழுந்தா ஆர் பிடிக்கிறது?"

அவர் பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தார்.

அடுத்த நாள் பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியிடம் போனேன். அந்த மனிதரும் அங்கே நின்றார். சுவாமி எங்கள் இருவரையும் இருத்திக் கேட்டார். இளம் சுவாமி, நல்ல மனிதர்.

"கடவுள் கொப்பியும் பேனையும் வைச்சுக்கொண்டு இருக்கேல்லை, அண்ணை. உங்கடை மனசு அவருக்குத் தெரியும். பெரிய வெள்ளிக்கு முழுசாப் படியுங்கோ, நேர்த்தி முடிஞ்சுது."

அந்த மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை. "கடவுள் எண்ணமாட்டார், சுவாமி. எண்ணினது நான். எல்லா வெள்ளியும் எண்டு சொன்னது நான்தானே."

"அப்ப இது பக்தியோ, பயமோ?"

"ரெண்டும் ஒண்டாத்தான் வந்தது. பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியேல்லை."

பிறகு அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். "பெரிய வெள்ளிக்கு நீர் படியும், தம்பி. என்ரை நேர்த்தி இந்த வருஷம் போச்சு. சனம் நல்லாக் கேட்டு அழட்டும்."

குத்திச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே தருகிறார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. "நான் மைக் பிடிக்கிறன், அண்ணை. நீங்கள் படியுங்கோ" என்றேன். சபைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பெரிய வெள்ளிவரை என்னோடு கதைக்கவில்லை.

அந்த நாட்களில் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. நேர்த்தி என்பது கடவுளோடு பேரம் பேசுவது என்று ஒரு பக்கம் தோன்றும். ஒரு தகப்பன் ஆறு வருடம் வெறுங்காலோடு நடந்ததைப் பேரம் என்று சொல்ல நான் யார் என்று மறுபக்கம் தோன்றும். முழு மனதோடு நேசிக்க வேண்டும் என்று சுவாமி பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் என் மனதைத் தேடிப் பார்த்திருக்கிறேன். முழுதாக ஒன்றும் கிடைத்ததில்லை. குரல் மட்டும் முழுதாக இருந்தது. அவருக்கோ குரலைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. கடவுள் இப்படி ஏன் பிரித்துக் கொடுத்தார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

பெரிய வெள்ளி காலை வெயில் ஏறும்போது அவர் தொடங்கினார். கப்பி சுழன்றது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் சிணுங்கினார்கள், பின்னால் இரண்டு கிழவர்கள் தூங்கி வழிந்தார்கள். தாய் மகனைச் சந்திக்கிற இடம் வந்தது. அதே வரியின் பாதியில் அவர் நின்றார்.

இம்முறை எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சபைக்காரர் தூணடியில் நின்று, எடும், எடும் என்று கையைக் காட்டினார். மிச்சப் பாதி வரி என் வாய்க்குள் வந்து நின்றது, இராகத்தோடு. நாக்கைக் கடித்தேன். மைக்கை அவர் வாயை விட்டு எடுக்கவில்லை. அவர் மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. முன்னால் நிலத்தில் இருந்த அவர் மனைவி கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் மகள், தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் எடுத்தார். உடைந்த சத்தத்தில், அந்தப் பாதியிலிருந்தே.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது கேட்டேன். "அண்ணை, நேர்த்தி முடிஞ்சுதோ?"

"இல்லை. வாற வருஷம் முதலாவது."

"ஏழும் திரும்பவோ?"

"ஓம்." நாளைக்கு வலை எங்கே போடுவது என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு, "உம்மில கோவம் இல்லை. அண்டைக்கு நீர் படிக்கேக்கை நானும் அழுதனான். ஆறு வருஷம் படிச்சும் எனக்கு அழுகை வரேல்லை, தொண்டைதான் அடைச்சது. அதுதான் எனக்கும் ஒண்டும் விளங்கேல்லை" என்றார்.

மழைக்காலம் தொடங்க நண்டு குறைந்தது. வாடியில் ஆட்களைக் குறைத்தார்கள். நான் திருநெல்வேலிச் சந்தையில் மூட்டை தூக்கினேன். ஒரு நாள் பஸ் நிற்கும் இடத்தில் அந்த மகளைக் கண்டேன். எனக்குத்தான் முதலில் பயம் வந்தது. அவள் சிரித்தாள்.

"என்னை அப்பிடிப் பாக்காதேங்கோ, அண்ணா. நான் இன்னும் விழேல்லை."

"வலிப்புக்குக் குளிசை போடுறியோ, பிள்ளை?"

"ஏழு வருஷமாப் போடுறன். அப்பான்ரை பசாமோ குளிசையோ, எதால நிண்டது எண்டு டொக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் தன்ரையை நிப்பாட்டமாட்டார். நானும் என்ரையை நிப்பாட்டமாட்டன்."

பஸ் வந்தது. அவள் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றாள். பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த தவசு வந்தபோது நான் நெல்லியடியில் ஒரு மரக்காலையில் பலகை அடுக்கும் வேலை செய்தேன். முதல் வெள்ளி மத்தியானமே முதலாளியிடம் சொல்லிவிட்டு அந்தப் பங்குக்குப் பஸ் ஏறினேன். யாரும் கூப்பிடவில்லை. மகளுக்கு ஏதாவது நடந்தால் அது என்னால்தான் என்ற பயமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. எங்கே வேலை செய்தாலும் தவசு வெள்ளியில் அங்கே போய்விடுகிறேன். ஒரு தவசிலும் ஒரு வெள்ளி விடவில்லை. மற்ற எந்தக் காரியத்திலும் நான் இப்படி இருந்ததில்லை.

இது அவருடைய இரண்டாம் ஏழில் மூன்றாவது தவசு. மகளுக்கு இன்னும் வரவில்லை. கோயிலுக்குப் புது மைக் தாங்கி வாங்கிவிட்டார்கள். எனக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. இருந்தும் அவர், "தம்பி, பக்கத்தில நில்லும்" என்கிறார். நிற்கிறேன்.

போன வெள்ளியும் அந்த இடத்தில் நின்றார். பாதி வரி வழக்கம்போல என் வாய்க்குள் வந்தது. நான் அதை விழுங்கிக்கொண்டு, அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஜெபமா, வெறுமனே வாயை மூடிக்கொண்டு நிற்பதா என்று யோசிக்கத் தொடங்குவதற்குள் அவர் மூச்சை எடுத்துவிட்டார்.