ஒரே கொப்பியில் இரண்டு விமானங்கள்

தெஹியோவிட்ட கடைத்தெருவில் என் நண்பனுக்கு ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடை இருக்கிறது. முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வேண்டிய சாமான்கள் அங்கே கிடைக்கும். நான் மேலே தோட்டத்து ரப்பர் பெக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய கிரீஸோடு அவன் கடைக்கு இறங்கிப் போவேன். இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். போர்விமானம் எதையும் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. ஆனாலும் பல வருஷங்களாக நாங்கள் பேசியது போர்விமானங்களைப் பற்றித்தான்.

ஆரம்பித்து வைத்தது ஒரு பத்திரிகைச் செய்தி. நம் இலங்கை விமானப்படையின் பழைய விமானங்களுக்குப் பதிலாக எதை வாங்கலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். இந்தியா செய்யும் தேஜஸ் ஒன்று, பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து செய்யும் ஜே.எஃப். 17 இன்னொன்று. இரண்டும் சின்ன விமானங்கள், இரண்டுக்கும் ஒற்றை எஞ்சின், பல வேலைக்கும் ஒரே விமானம். அரசாங்கம் எங்களைக் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாராக இருக்கட்டும் என்று அவன் கடைக் கணக்கு எழுதும் தடித்த சி.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து நடுவில் கோடு போட்டான். ஆளுக்கு ஒரு பக்கம்.

அவன் முஸ்லிம், நான் தோட்டத்துத் தமிழன். அதனால் யார் எந்தப் பக்கம் என்று எல்லோரும் கேட்காமலேயே முடிவு கட்டிவிடுவார்கள். உண்மை தலைகீழ். தேஜஸ் அவனுடையது. வால் பக்கத்துச் சின்னச் சிறகே இல்லாத அந்த முக்கோண உருவத்தில் அவன் மயங்கிக் கிடந்தான். மேல்தோல் முழுக்கக் கார்பன் நார், எவ்வளவு லேசு என்று கல்யாணப் பெண்ணை வர்ணிப்பது போலப் பேசுவான். ஜே.எஃப். என்னுடையது. காரணம், நான் பிட்டர். ஒரு மெஷின் ஓடும்போது எப்படி ஓடுகிறது என்பது எனக்கு முக்கியமில்லை, நின்றுபோனால் யார் வருவான் என்பதே என் கேள்வி. விலையும் மலிவு, வேறு சில நாடுகளும் வாங்கி ஓட்டுகின்றன, சாமான் கிடைக்கும். அழகான மெஷினை வாங்கிவிட்டு ஒரு பேரிங்குக்காக மூன்று மாதம் காத்திருந்த தோட்டத்தில் வேலை செய்பவன் இப்படித்தான் யோசிப்பான்.

கடைக்கு வரும் சிங்கள ஓட்டுநர் ஒருவர் எங்களைப் பார்த்து, உங்கள் பிளேன் எப்படி இருக்கிறது என்று அவனிடம் சிங்களத்தில் கேட்பார். என்னுடையது தேஜஸ் என்று அவன் சிங்களத்திலேயே பதில் சொன்னதும் அவர் தலையைச் சொறிவார். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. என் பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்று போட்டிருக்கிறது. நான் இந்தியாவைப் பார்த்ததில்லை. அவனைப் பாகிஸ்தானோடு சேர்த்துப் பேசுகிறவர்களுக்கு அவனுடைய முப்பாட்டனும் இதே கடைத்தெருவில் வியாபாரம் செய்தவர் என்று தெரியாது. ஒரு நாள் கொப்பியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கோட்டுக்கு மேலேயே, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக எழுதினோம். தேஜஸுக்கு எஞ்சின் அமெரிக்காவுடையது, ஜே.எஃபுக்கு ரஷ்யாவுடையது. இரண்டுக்கும் நெஞ்சு வேறு ஊரிலிருந்து வந்தது. 

பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையில் மோதிக்கொண்டன. சில நாட்கள்தான். ஆனால் அந்தச் சில நாளில் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் ஒவ்வொரு போனிலும் விமானம் விழுந்தது. எது நிஜம், எது கம்ப்யூட்டரில் செய்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது எங்கள் தோட்டத்து வாலிபர்கள் மூன்று பேர் மோட்டார் சைக்கிளுக்குப் பிளக் வாங்க வந்தார்கள். திருவிழாவில் தேர் இழுக்கும் கூட்டத்தில் முன்னால் நிற்பவர்கள். அந்த வருஷமும் தேரின் சக்கர வேலையைக் கோயில் கமிட்டி என்னிடம்தான் கொடுத்திருந்தது. அவர்களில் ஒருவன் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டான்.

"அண்ணே, நீங்க அவுங்க பக்கம்னு சொல்றாங்களே, மெய்யாவா?"

பெக்டரியில் மனேஜரையே எதிர்த்துப் பேசுகிறவன் நான். அன்றைக்கு என் முதுகெலும்பு எங்கே போனதோ தெரியவில்லை. சும்மா பொழுது போகப் பேசியது என்று சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. நண்பன் பக்கம் திரும்பி, அந்தப் பையன்களுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"ஒங்க பிளேனெல்லாம் தேஜஸ் கிட்ட நிக்குமா?"

அவன் என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை. ஊர் முழுக்க அவனைத் தள்ளி நிறுத்திப் பேசும்போதெல்லாம் அப்படிப் பேசாத ஒருவனாக நான் இருந்தேன். அந்த ஒருவனும் போய்விட்டான் என்று கணக்கெடுத்தது போல இருந்தது அந்தப் பார்வை. பிளக்கைப் பேப்பரில் சுற்றிப் பையன்களிடம் கொடுத்தான். கொப்பியை மூடிக் கண்ணாடி அலுமாரிக்குக் கீழே வைத்தான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஆறு சனிக்கிழமை நான் கீழே போகவில்லை. ஒரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் பஸ் ஏறி அடுத்த டவுனான அவிசாவளைக்குப் போனேன். பத்து நிமிஷத்தில் கிடைக்கும் சாமானுக்கு அரை நாள். என் மனைவி ஒரு தடவை வாசலில் நின்று, "இன்னைக்கு பஸ்ஸா, தேஜஸா?" என்று கேட்டாள். நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவளுக்கு விஷயம் தெரியும். மன்னிப்புக் கேட்க வேண்டியவன்தான் அதிகமாகக் கோபப்படுவான் என்பதும் தெரியும்.

திருவிழா நெருங்கியது. எங்கள் தேர்ச் சக்கரத்துக்குக் கிரீஸ் அவனுடைய வாப்பா காலத்திலிருந்தே அந்தக் கடையிலிருந்துதான் வரும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் அவனே டின்னோடு வந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, என்னோடு தேருக்குக் கீழே படுத்து முதல் கை கிரீஸ் பூசுவான். யாரும் எழுதி வைத்த வழக்கமில்லை, யாரும் மாற்றியதுமில்லை. இந்த வருஷம் அவன் வரமாட்டான் என்று நான் அவிசாவளையிலேயே ஒரு டின் வாங்கி வைத்திருந்தேன். கமிட்டிக்காரர்களிடம் சொல்லப் பொய்யும் ஒன்று யோசித்து வைத்திருந்தேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் அந்தச் சிங்கள ஓட்டுநர் தன் முச்சக்கர வண்டியில் மேலே வந்தார். கடையிலிருந்து கொடுத்துவிட்டதாகச் சொல்லி ஒரு கிரீஸ் டின்னை என் கையில் வைத்தார். வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். டின்னைத் திறக்காமல் அதே வண்டியில் ஏறிக் கீழே போனேன்.

கடையில் அவன் தனியாக இருந்தான். டின்னை மேசை மேல் வைத்தேன். பஸ்ஸில் அவிசாவளை போகும்போதெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு மச்சான். அந்தப் பயல்களுக்குப் பயந்துட்டேன்."

"தப்புத்தான்" என்றான். "எனக்கு நல்லா நொந்து போச்சு" என்றும் சொன்னான். பிறகு குனிந்து கொப்பியை எடுத்து என் முன்னால் போட்டான்.

கடைசியாக நான் பார்த்ததற்குப் பிறகு மூன்று பக்கம் எழுதியிருந்தது. தேஜஸ் பக்கத்தில் அவன் எழுதியதில் ஆச்சரியமில்லை. என் பக்கத்திலும் அவனுடைய எழுத்துத்தான். பராமரிப்பு, சாமான், விலை, எத்தனை விமானம் செய்து முடித்திருக்கிறார்கள் என்று நான் பேசுகிற மாதிரியே, பிட்டர் மூளையோடு வரிக்கு வரி பதில் எழுதியிருந்தான். சில இடங்களில் தன் தேஜஸைத் தானே தோற்கடித்திருந்தான்.

"நீ வரல்ல. நான் ஒரு பக்கத்த மட்டும் எழுதினா ஞாயமில்லயே. ஒன்ட பிளேனுக்கும் நானே பேசின" என்றான்.

ஒன்ட பிளேன். ஆறு வாரத்துக்கு முன்னால் நான் அவன் தலையில் கட்டிய விமானத்தை, ஒரு கீறலும் இல்லாமல் எனக்காக வைத்திருந்தான். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

கடைசிப் பக்கத்தின் அடியில் தேஜஸுக்காக ஒரு வாதம் இருந்தது. அடுத்தவன் செய்ததை வாங்கிக் காலம் முழுக்க அவன் கையைப் பார்ப்பதைவிட, தப்பும் தவறுமாக இருந்தாலும் சொந்தமாகச் செய்யப் பழகியதுதான் பெரிது என்பது அவன் வாதம். அதற்கு எதிரே என் பக்கத்தில் ஒரே ஒரு வரி:

இதுக்குப் பதில் எனக்குத் தெரியாது. அவன் வரணும்.

பேனாவைக் கேட்டேன். அவன் கொடுக்கவில்லை. முதலில் தேருக்குக் கிரீஸ் போடுவோம் என்று சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே டின்னைத் தூக்கினான்.