தென்சென்னையின் பழைய பட்டியல்

வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம் என்று எங்கள் கே.கே. நகர் வீட்டுக்கு வந்த அங்கன்வாடிப் பெண், எனக்கும் கணவருக்கும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள். இருபது வருடத்துக்கும் முந்தைய பழைய பட்டியலில் எங்கள் பெயர் எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில் இருந்தது என்று எழுத வேண்டுமாம். இதென்ன பிரமாதம் என்று பீற்றிக்கொண்டேன். பள்ளி ஆசிரியையாக இருந்தவரை தேர்தலுக்குத் தேர்தல் பூத்தில் உட்கார்ந்தவள் நான்.

செல்போனில் தேடினேன். நான் இல்லை. அவரும் இல்லை. எங்கள் தெருவே இல்லை. "கிடைக்கலைன்னா ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரிப்பாங்க டீச்சர்" என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்குப் பிறப்புச் சான்றிதழ்கூடக் கிடையாது. எதைக் காட்டுவேன்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வீறாப்பு விடுமா? அவரிடம் மூச்சு விடவில்லை.

நாலாம் நாள் அவரே எங்கள் பழைய தொகுதியைக் கண்டுபிடித்துவிட்டார். "நாம அப்ப தி.நகர் தொகுதிடி. இப்ப இருக்கிற தொகுதியே அப்புறம்தான் வந்துது. நீ எங்கதான் போய் ஓட்டுப் போட்டே?"

எங்கும் போனதில்லை. யார் யார் பேட்டையிலோ டியூட்டி; என் ஓட்டு தபாலில். 2008-இல் தென்சென்னை என்ற நாடாளுமன்றத் தொகுதியின் பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே எல்லைகளை மாற்றி, சில சட்டமன்றத் தொகுதிகளை வெளியே தள்ளி, சிலவற்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். தேர்தல் பயிற்சி வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்ட சேதி அது. என் வீடும் அதில் தொகுதி மாறியது உறைக்கவே இல்லை.

தி.நகர் பட்டியலில் இருவரும் அடுத்தடுத்து இருந்தோம். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு நாள் ஞாபகத்துக்கு வந்தது.

எல்லை மாறியபின் வந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலில் எனக்குப் பட்டினப்பாக்கத்தில் பூத். பட்டியலில் பெயரைத் தேடி உரக்கப் படிப்பது என் வேலை. மீன்காரர் ஒருவர் வந்தார். பெயர் இல்லை.

"இன்னா டீச்சர், எப்பவும் இங்கதான் போட்டுகினு கீறேன். நல்லா பாரு. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அவர் பெயர் எந்தப் பட்டியலுக்குப் போயிருக்கிறது என்று விசாரித்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

"பேரு இல்லீங்க, நகருங்க" என்றேன்.

அவர் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இந்த மூன்று நாள் எனக்கு இருந்த பயம்தான் அது.