கை மடக்காத பந்து

ஆறாம் வகுப்பில் எங்கள் ரீச்சர், ஆளுக்கொரு விளையாட்டு வீரரைத் தெரிவுசெய்து, அவரைப் போல உடுத்திக்கொண்டு வந்து வகுப்பின் முன் பேச வேண்டும் என்றார். பெயர் தெரிவுசெய்த நாளன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். திரும்பிப் போனபோது ஹொக்கி வீரர்களையெல்லாம் மற்றப் பிள்ளைகள் எடுத்துவிட்டிருந்தார்கள். எனக்கு மிஞ்சியவர், நூறு வருசத்துக்கும் முந்தி, சம்பளம் வாங்கி பேஸ்போல் ஆடத் தொடங்கிய காலத்தில் பந்து வீசிய ஒரு மீசைக்காரர். வகுப்பே சிரிக்கப்போகிறதென்று அழுதுகொண்டே அவரைப் பற்றிய புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் சித்தப்பாவும் எங்களோடு இருந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியின் வேகப்பந்து வீச்சாளர். இங்கே ஒரு பண்டகசாலையில் பின்னேர வேலை. ஆங்கிலம் மட்டுமட்டு. ஆகவே புத்தகத்தை நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். கையுறை கிடையாது, மாற்று ஆள் கிடையாது, ஒரு பருவம் முழுவதும் எல்லா ஆட்டங்களிலும் அந்த ஒருவரே பந்து வீசினார் என்றதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தனி ஆளாவோ? சும்மா ஆள் இல்லை பிள்ளை உவர்!"

பேசினால் மட்டும் போதாது, பந்து போட்டும் காட்ட வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். லிப்டுக்கும் குப்பை அறைக்கும் இடையில் ரெனிஸ் பந்தோடு பயிற்சி. அவரால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. இடது கையால்தான் காட்டுவார். படத்தில் அந்த மனிதரின் கை இடுப்புக்குக் கீழே இருந்ததால், கிரிக்கெட்டில்போல் தோளுக்கு மேலால் போடுவதை மட்டும் விட்டுக்கொடுத்தார். ஆனால் நான் முழங்கையை மடக்கினால், களவெடுத்தவளைக் கண்டதுபோல் பதறுவார்.

"மடக்காதை! மடக்கினால் அது எறி. கள்ளப் பந்து."

"இது கிரிக்கெட் இல்லை சித்தப்பா, பேஸ்போல்!"

"எந்த விளையாட்டெண்டால் என்ன? முழங்கை முழங்கைதான்."

அம்மாவின் கண்மையால் மீசை வரைந்துகொண்டு போய், தடிபோல் நீட்டிய கையால் வீசினேன். பயந்தபடியே வகுப்பு உருண்டு சிரித்தது. சித்தப்பா மேல் எனக்குக் கடும் கோபம் வந்தது. ரீச்சர் மட்டும் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, அந்தக் காலத்துச் சட்டத்தை உரத்து வாசித்தார்: இடுப்புக்குக் கீழே, கையை மடக்காமல் வீச வேண்டும், எறிவது குற்றம். சிரிப்பு நின்றது. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டார். என் சித்தப்பாவுக்குத் தெரியும் என்றேன். அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்தபோது அவர் வேலைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். ரீச்சர் வாசித்த சட்டத்தைச் சொன்னேன்.

"நான் சொன்னனான் எல்லே!" என்று துள்ளினார். பிறகு கேட்டார்: "கடைசியிலை உந்த மீசைக்காரருக்கு என்ன நடந்தது?"

"கை பழுதாப் போச்சு. பிறகு ஒரு மில்லிலை முப்பது வருசம் காவல் வேலை."

"அதைப் பற்றி என்ன எழுதியிருக்கு?"

"ஒரு வரிதான்."

"வகுப்பிலை அதைச் சொன்னனியோ?"

"இல்லை சித்தப்பா, அது சரியான போரிங். அதிலை விளையாட்டே இல்லையே."

அவர் சிரித்து, என் மீசையைப் பெருவிரலால் கொஞ்சம் அழித்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் விட்டுவிட்ட அந்த ஒரு வரிக்குள்தான் அவர் தினமும் போய்வந்துகொண்டிருந்தார் என்பது, முழுப் புள்ளி வாங்கிய எனக்கு அன்று தெரியவில்லை.