மேல் வீட்டு ஏசியும் வீர நெல்லும்

என் கணவர் தில்லையம்பலம் இறந்துபோய்விட்டார் என்று மாலை ஐந்து மணிக்கு வைத்தியசாலையிலிருந்து செய்தி வந்தபோது, யாரும் பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றிவிடாதபடி அவருடைய நெல் வாளிகளுக்குக் காவலிருந்தேன்.

வெள்ளவத்தை மாடிவீட்டுப் பல்கனியில் ஆறு வாளிகள், ஆறு இன நெல். குறைந்த தண்ணீரில் நன்றாக விளைவதைத் தெரிந்தெடுத்து, கிளிநொச்சியில் மழையை நம்பி விதைக்கும் தன் தம்பிக்கு விதை அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை.

தண்ணீரைக் குறைத்ததும் ஐந்து வாடின. மூலை வாளி மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது.

"பாத்தியே பத்மா, இவன்தான் வீரன்!" வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். "வீரனோ? மேல் வீட்டு ஏசித் தண்ணியைக் களவாக் குடிக்கிறானப்பா!"

வாய்விட்டுச் சிரித்தார். வாளிகளை மறுபக்கம் நகர்த்தி, திரும்ப விதைத்தார். இம்முறை ஒன்று உண்மையாகவே தாக்குப்பிடித்துக் கதிர் தள்ளியது.

"இதுக்கு உன்ர பேர்தான். தண்ணி குறைஞ்சாலும் விறைப்புக் குறையேல்லை."

"உங்களோட குடும்பம் நடத்தின பழக்கம்," என்றேன்.

கதிர் இப்போது முற்றிவிட்டது. தம்பிக்கு அனுப்ப வேண்டிய விதை இன்னும் அறுக்கப்படாமல் வாளியிலேயே நிற்கிறது.