பாம்பு மாத்திரைப் பெட்டியில் ஒரு கார்

என்னுடையது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். என் மனைவியின் தம்பி வைத்திருப்பது புத்தம் புதிய கூபே கார். பட்டனைத் தொட்டால் அது கிளம்பிவிடும். என்னுடையதைக் கிளப்ப, சோக்கை இழுத்துக் கெஞ்ச வேண்டும். ஆனால் கிளம்பிவிட்டால் அதன் சத்தம் நெஞ்சுக்குள் அதிரும். அவன் கார் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது.

போன மழைக்காலத்தில் சாத்தூர் பக்கம் என் கார் நின்றுபோனது. நனைந்தபடி தள்ளிக்கொண்டிருந்தேன். கூபேயில் வந்தவன் கண்ணாடியை இறக்கினான்.

"இன்னுமா அத்தான் இந்தத் தகர டப்பாவைக் கட்டி அழுறீக?"

சிரித்துவிட்டு நிற்காமல் போனான். அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

அவனுக்குப் பட்டாசுக் கம்பெனி, எனக்கு லேபிள் அடிக்கும் அச்சகம். எந்தச் சரக்குக்கு எந்தப் படம் என்பதை எப்போதும் என்னிடமே விட்டுவிடுவான். இந்த சீசனில் தன் காரை லேபிளில் போடச் சொன்னான். அணுகுண்டுப் பெட்டியில் என் காரைப் போட்டேன். சத்தமே இல்லாமல் புகைந்து நெளிகிற பாம்பு மாத்திரையின் பெட்டியில் அவன் காரைப் போட்டேன். லோடு போன பிறகுதான் பார்த்தான்.

"என் காரைப் போயி பாம்பு மாத்திரையிலயா போட்டீக?" என்று அச்சகத்துக்கே வந்து குதித்தான்.

"சத்தமில்லாத வண்டிதானே மாப்ளே," என்றேன்.

தீபாவளியன்று அவன் வீட்டு வாசலில், கூபேக்கு நேர் எதிரே, அந்தப் பாம்பு மாத்திரையில் ஒன்றை நானே பற்றவைத்தேன். வெள்ளை டைல்ஸில் விழுந்த கறை, எவ்வளவு தேய்த்தும் போகவில்லையாம்.

போகாது. தெரிந்துதான் வைத்தேன்.