நிறம் சேராத அரக்கு

எங்கள் வீட்டில் நிறத்துக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. என் வீட்டுக்காரர் அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். விளையாட்டுச் செப்பு, பம்பரம், தொட்டில் குமிழ் எல்லாம் அவர் கடைவார். மரத்தைச் சுழற்றும் கயிற்றை நான் இழுப்பேன். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசுகிற சூட்டில் அரக்கு இளகிப் படியும். சிவப்பும் மஞ்சளும் என் சேலையில் மட்டுமல்ல, சோற்றுப் பானையிலும் ஏறியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நிறமே இல்லாத ஒரு பூச்சைக் கேட்டு என் அண்ணன் வந்தான்.

அண்ணனுக்குத் தச்சு வேலை. பிறந்த ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு விஜயதசமி அம்பு செய்து கொடுப்பது எங்கள் அப்பா வழியில் வந்த உரிமை. அன்று பெருமாள் குதிரை வாகனத்தில் ஆற்றங்கரை மண்டபத்துக்கு வருவார். அவர் சார்பில் பட்டர் வன்னிக் கிளையைப் பார்த்து அம்பு எய்வார். முந்தின வருஷம் விடாமல் தூறல். எய்த அம்பு பக்கவாட்டில் திரும்பித் தவில்காரர் காலடியில் விழுந்தது. ஊரே சிரித்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆசாரியைப் பார்த்துக்கொள்வோம் என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார்.

“எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? பட்டருக்கு எய்யத் தெரியல. அதுக்கு நீ என்ன செய்வே?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“இல்லளா. அந்த அம்பைத் தரையில உருட்டிப் பாத்தேன். துள்ளுது. ஈரத்தைக் குடிச்சு வளைஞ்சு போச்சு. தப்பு என் அம்புலதான் இருக்கு” என்றான். அதற்குப் பிறகு அவன் சரியாகச் சோறு தின்னவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

சாயம் பூசலாம் என்றால், பெருமாள் அம்பில் மரம் மரமாகவே தெரியவேண்டும் என்பது கோயில் வழக்கம். ஈரமும் புகக்கூடாது, ரேகையும் மறையக்கூடாது. அண்ணன் ஒரு கட்டு மஞ்சக்கடம்புக் குச்சிகளைக் கொண்டுவந்து போட்டான். எதுதான் தண்ணீரைத் தடுக்கும் என்கிற நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு குச்சியிலும் ஒன்றைப் பூசி, தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்துத் தரையில் உருட்டுவேன். நல்லெண்ணெய் பூசியதில் எறும்பு மொய்த்தது. விளக்கெண்ணெய் காயவே இல்லை. பட்டறைப் புழுதி முழுக்க அதில்தான். தேன்மெழுகு பார்க்க அழகாக இருந்தது, ஆனால் வெயில் பட்டதும் கையோடு வந்துவிட்டது. “உலை கொதிக்குது, இவ குச்சிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுதா” என்று வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அண்ணன் ரயிலேறிப் போய், பாளையங்கோட்டையில் மேசை நாற்காலி செய்கிறவர்களிடம் ஒரு குப்பி பூச்சு வாங்கி வந்தான். பூசினால் கண்ணாடிதான். ஊறப்போட்டு உருட்டினேன், நேராக ஓடியது. தொல்லை தீர்ந்தது என்று மாதிரிக் குச்சியைப் பட்டரிடம் காட்டப் போனவன், போன வேகத்தில் திரும்பி வந்தான். பட்டர் அதை மூக்கருகில் கொண்டுபோய், “என்னங்காணும் ஆசாரி, சாராய வாடைன்னா அடிக்கிறது!” என்றாராம். குப்பியில் அரக்கைக் கரைத்திருந்ததே சாராயத்தில்தான். அக்கரையில் சுடலைமாடசாமி அதையே கேட்டு வாங்கிக் குடிக்கிறார், இந்தப் பெருமாளுக்கு வாடைகூட ஆகாதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. குச்சியைவிட அவனைத்தான் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கிறார்கள். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள்.

சாராயம் சேராத அரக்கு எங்கள் வீட்டிலேயே இருந்தது. வீட்டுக்காரர் சாயம் கலக்காமல் அரக்கைக் காய்ச்சிக் குச்சியாக இழுத்துத் தந்தார். அம்பைக் கடைசலில் பூட்டி நான் கயிற்றை இழுத்தேன். செப்பு குட்டையானது, சொன்னபடி சுற்றும். அம்பு நெட்டை. நடுவில் கிடுகிடுவென்று ஆடி, முறிந்து பறந்து, என் தண்ணீர்ப் பானையை உடைத்தது. “இது நடக்காதுட்டி” என்று அவர் எழுந்து போய்விட்டார்.

நான் கயிற்றைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அரக்குக்கு வேண்டியது சூடுதானே, சுற்று எதற்கு? சூடு என் அடுப்பில் இருக்கிறதே! கங்கின்மேல் காட்டிய முதல் குச்சி கரிந்துபோனது. அடுத்ததை உயரத் தூக்கி, பையப் பையத் திருப்பிக் காட்டினேன். மரம் கை பொறுக்காத சூட்டுக்கு வந்ததும் அரக்கைத் தேய்த்து, செப்புக்கு மெருகேற்றுகிற தாழம்பூ மடலால் நீளவாக்கில் இழுத்தேன். ரேகை ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. ஊறப்போட்டு உருட்டினாலும் துள்ளவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் உலையை மறந்தேன். அன்று குழைந்த சோற்றைத் தின்றுகொண்டே வீட்டுக்காரர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பெண் கை பட்டது என்றால் அதற்கும் ஒரு குறை கண்டுபிடிப்பார்கள் என்று, “நீயே பூசினதாச் சொல்லிரு அண்ணே” என்று சொல்லித்தான் அதேபோல் பூசிய அம்பைக் கொடுத்தனுப்பினேன்.

விஜயதசமியன்று மறுபடியும் மழை. பெண்கள் கூட்டத்தில் நனைந்துகொண்டு நின்றேன். பட்டர் வில்லை வளைத்தார். அம்பு நேராகப் போய் வன்னிக் கிளையில் தைத்தது. கோவிந்தா என்று எழுந்த சத்தத்தில் தவில் கேட்கவில்லை. தர்மகர்த்தா அம்பைப் பிடுங்கி வரச்சொல்லி, மேல்துண்டால் துடைத்துப் பார்த்தார்.

“என்ன பூசினீரு ஆசாரி?”

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி. என் தங்கச்சி கைவேலை. அந்தா நிக்கா, அவகிட்டயே கேளுங்க.”

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அண்ணனின் உரிமை போய்விட்டது என்றே நினைத்தேன். பட்டர் கையை நீட்டி அம்பை வாங்கினார். மூக்கருகில் கொண்டுபோனார். மறுபடியும் ஒருமுறை மோந்தார்.

“தாழம்பூன்னா மணக்கிறது” என்றார்.

தர்மகர்த்தா என் அண்ணன் தலையில் பரிவட்டம் கட்டினார். அதை அவிழ்க்காமலே அவன் எங்கள் வீட்டுக்கு வந்து, இலை போடச் சொல்லி, சோறு கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றான்.